டைவர்ஷன் வால்வைப் பற்றி

கொளத்தூர், சென்னை

அன்பு மகளுக்கு,

பாலைச் சூடாக்கிக் கிருமியைக் கொல்லும் பாஸ்சரைசரில் தனி ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று நேற்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வாசலில் பால் பாக்கெட் போடும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

க்ரீமைப் பிரிக்கும் செப்பரேட்டரும் கொழுப்பைப் பொடியாக்கும் ஹோமோஜினைசரும் கோளாறு வந்தால் சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். பாஸ்சரைசர் அப்படியில்லை. பாலைக் குறைந்தது 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைக்க வேண்டும். பால் அந்தச் சூட்டிலேயே ஓடும் ஹோல்டிங் டியூப்பின் கடைசியில் சூடு குறைந்தால் டைவர்ஷன் வால்வு பாலை மறுபடி சூடாக்க, அது புறப்பட்ட பேலன்ஸ் டேங்குக்கே திருப்பிவிடும். அது உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், கோடையில் ஒரு நைட் ஷிப்ட். பாய்லரில் ஸ்டீம் நிற்கவில்லை, வால்வு திரும்பிக்கொண்டே இருந்தது. வெளியே வண்டிகள் வரிசையில் நின்றன. "வால்வைக் கட்டிப் போடுப்பா" என்றார் மேலே இருந்தவர். சூடு போதாத பாலும் பாக்கெட் பக்கமே போகும்படி கட்டினேன். பால் சரியாகச் சூடானதா என்று காட்டும் பாஸ்பட்டேஸ் டெஸ்டில், லேபில் பிடித்துவிட்டார்கள். அத்தனை பாலையும் மறுபடி சூடாக்கினோம், ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. ஆனாலும் விடிந்து வீட்டுக்கு வந்தபோது, உன் பாட்டி பால் காய்ச்சுவதை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லா வீட்டிலும் காய்ச்சித்தான் கொடுப்பார்கள் என்று யார் சொன்னது?

யார் சொன்னாலும் கட்டாதே. வண்டி நின்றால் நிற்கட்டும்.

அப்புறம், காய்ச்சிய பாலின் சூட்டை வைத்தே உள்ளே வரும் பச்சைப் பாலைச் சூடாக்கும் ரீஜெனரேஷன் பகுதி. அங்கே சூடான பாலுக்கும் பச்சைப் பாலுக்கும் நடுவில் இருப்பது மெல்லிய ஸ்டீல் தகடுதான். அதில் ஊசித்துளை விழுந்தாலும் வெளியே தெரியாது. காய்ச்சிய பக்கம் பிரஷர் கூடுதலாக இருந்தால் நல்ல பால் பச்சைப் பாலில் கலக்கும், அதனால் கெடுதல் இல்லை. மாறியிருந்தால் பச்சைப் பால் நேராக பாக்கெட்டுக்குப் போய்விடும். ஷிப்ட் ஏறியதும் இரண்டு கேஜையும் நீயே பார். லாக் புக்கில் எழுதியிருப்பதை நம்பாதே.

மெஷினைக் கழுவும்போது காஸ்டிக் சோடாவோடு நிறுத்திவிடாதே. கொழுப்பும் புரதமும் அதில் போகும், தகட்டில் கல்லாகப் படியும் பால்கல் ஆசிட்டுக்குத்தான் கரையும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்.

குஜராத்தில், உன் ஆனந்த் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும். பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறோம். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா