கலரில் அடித்துக் கொடுத்த அண்ணனுக்கு

சுரங்கம் வராது. நாலு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் வாய்க்குப் பழகவில்லை. மேலூர்ப் பக்கம் எங்கள் அரிட்டாபட்டி மலையைச் சுற்றி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்துவிட்டது என்று 2025 ஜனவரி 23ஆம் தேதி செய்தி வந்ததும் ஊர் முழுக்க வெடி. கூடு வைக்கிற மாதமாச்சே, மலையில் இருக்கிற லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை மிரண்டுவிடுமோ என்று மனசு ஒரு பக்கம் பதறியது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் நானும் ஒரு சரத்துக்குக் காசு கொடுத்தேன்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், நரசிங்கம்பட்டி, வல்லாளபட்டி, தெற்குத்தெரு, இன்னும் பெயர் விட்டுப்போன அத்தனை ஊர்ச் சனத்துக்கும் நன்றி. கிராம சபையில் கையெழுத்துப் போட்டவர்கள், கடையடைத்தவர்கள், பந்தலில் உலை வைத்த அக்காமார்கள், ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கிளம்பி மதுரை தல்லாகுளம் வரை நடந்தவர்கள், வழியில் தண்ணீர் கொடுத்தவர்கள் எல்லாருக்கும். உங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது மேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை அண்ணனைப் பற்றி.

நான் எந்த மேடையிலும் ஏறியவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் பைனாக்குலரோடு மலையடிவாரத்தில் திரிபவன். ‘குருவி பாக்குற பையன்’ என்றால் ஊரில் தெரியும். பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த 193 ஹெக்டேரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று டிசம்பர் கடைசியில் ஒரு பேச்சு வந்ததே, அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏலம் விட்டது 2,015 ஹெக்டேர். லகர் வல்லூறு கூடு வைப்பது பாறையில் என்றாலும் இரை தேடுவது வயலிலும் தரிசிலும் கண்மாய்க்கரையிலும். பாறையை விட்டுவிட்டுச் சுற்றிலும் வெடி வைத்தால் அது எங்கே போய்ச் சாப்பிடும்? 2022இல் இந்த இடத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகோடு லகரின் பெயரையும் சேர்த்துத்தானே சொன்னார்கள்?

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, நான் எடுத்த படத்தையும் வைத்து, 200 பிரதி கறுப்பு வெள்ளையில் எடுக்கப் போனேன். கையில் இருந்தது 400 ரூபாய். பத்துப் பிரதி வந்ததும் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி, காக்காயா?”

“இல்லண்ணே. தலை செம்பட்டையா இருக்கும், கண்ணுக்குக் கீழே மீசை மாதிரி ஒரு கோடு.”

“செம்பட்டையே தெரியலையே. காக்காய்க்காகவா இவ்வளவு பேர் நடக்குறீங்கன்னு கேப்பான்.”

சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் கலர் மிஷினுக்கு மாற்றிவிட்டார். அதோடு விடவில்லை. நோட்டீஸை நிதானமாகப் படித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். கூடு எந்தப் பாறையில், எந்தப் பக்கம் என்று நான் அக்கறையாக எழுதியிருந்த வரி.

“பிடிக்கிறவனும் இதைப் படிப்பானே தம்பி?”

எனக்குச் சுருக்கென்றது. பெரிய வல்லூறுகளைப் பிடிக்க லகரைக் கட்டிவைத்துக் காட்டுவார்கள், அதற்காகவே இதைப் பிடிப்பதுண்டு, இந்த இனம் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவன் நான். மலைப்பக்கம் வந்தே இராத மனிதருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. சுரங்கத்திடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, வலைக்காரன் கையில் விலாசத்தைக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அவரே அந்த வரியை அழித்துவிட்டு 200 பிரதியும் கலரில் அடித்தார்.

மிச்சம் 1,600 ரூபாய்க்கு என்ன செய்வது என்று நின்றேன். “பறவை மலையில இருந்துச்சுன்னா கொண்டாந்து குடு. இல்லாட்டி வேணாம்” என்றார். ஒரு பிரதியைத் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “நம்ம மலைப் பறவை” என்று காட்டினாராம், பிறகு கேள்விப்பட்டேன்.

இன்று காலை கடனை அடைக்கப் போனேன். “இருக்கா?” என்றார். சனிக்கிழமை ஜோடியாகவே பார்த்தேன் என்றேன். சரி என்று நோட்டுகளை எண்ணி உள்ளே போட்டுக்கொண்டார். பைசா குறைக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது.

இனிமேல் எந்தக் கூட்டின் இடத்தையும் எங்கேயும் எழுதமாட்டேன், படத்தின் பின்னணியில் பாறை தெரிந்தால்கூட வெட்டிவிடுவேன். உங்களுக்கு மட்டும் நேரில் காட்டுகிறேன் அண்ணே. வருகிற ஞாயிறு கடை லீவுதானே, காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். கூட்டுக்குக் கிட்டே போகப்போவதில்லை, கீழே நின்றேதான் பார்க்கவேண்டும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.