கோ-ஆப் சிட்டி கதையைச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியிருக்கும் கோ-ஆப் சிட்டியின் வரலாற்றை ஒருவழியாகத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். நியூயார்க்கின் பிராங்ஸில் அடுக்குமாடிக் கோபுரங்கள் மட்டும் 35, மொத்தம் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். அதில் ஒன்றில் ஒன்பது வருடம் இருந்தும், காரை எங்கே நிறுத்துவது என்பதைத் தவிர நான் வேறெதையும் விசாரித்ததில்லை.

நூலகத்து அம்மாவுக்கு முதல் நன்றி. இங்கிருந்த சதுப்பு நிலத்தில் 1960இல் ஃப்ரீடம்லேண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வந்ததும், அது 1964இல் நொடித்துப்போனதும், தொழிற்சங்கங்களின் ஆதரவோடு ஏப்ரஹாம் கசான் வளர்த்த யுனைடெட் ஹவுசிங் ஃபவுண்டேஷன் என்ற கூட்டுறவு வீட்டு அமைப்பு 1966இல் அங்கே வேலையைத் தொடங்கியதும் அவர் எடுத்துக் கொடுத்த பழைய செய்தித்தாள்களில்தான் கிடைத்தன. சுற்றிலும் தரை இறங்கினாலும் கட்டடம் ஏன் இறங்குவதில்லை என்று, தரைக்குள் ஆழமாக இறக்கும் பைல் தூண்களை அடித்த கதையைப் படம் போட்டு விளக்கிய பொறியாளர் தம்பிக்கும் நன்றி.

அப்புறம் 17வது மாடி அம்மா. உங்களுக்குத்தான் பெரிய கடன். 1970இல் பிராங்ஸின் கிராண்ட் கான்கோர்ஸ் சாலையிலிருந்து குடிவந்தவர். கட்டுமானச் செலவும் வட்டியும் எகிறி, மாதக் கட்டணத்தை மேலும் மேலும் ஏற்றியபோது, 1975 ஜூனில் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர். நம் ஊர் வரிகொடா இயக்கம் மாதிரிதான்: பெரும்பாலான குடும்பங்கள் காசோலையை எழுதி நிர்வாகத்திடம் தராமல், லாபியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தந்தார்கள். போராட்டக் குழு அவற்றை ஒளித்து வைத்தது. அரசும் நீதிமன்றமும் மிரட்டியும் 13 மாதம் யாரும் அசையவில்லை, கடைசியில் நிர்வாகமே குடியிருப்போர் கைக்கு வந்தது. நான் 'வாடகை' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நீங்கள் கோபப்பட்டது நல்லதாகப் போயிற்று. ஊரெல்லாம் வாடகைப் போராட்டம் என்றுதான் சொன்னதாம், ஆனால் இது கூட்டுறவு, நீங்கள் பங்குதாரர், குடக்கூலிக்காரர் இல்லை. திருத்திவிட்டேன். கட்டணம் அதற்குப் பிறகும் ஏறியது என்பதையும், நீங்கள் சொன்னபடியே, மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

தட்டச்சுப் பிழை பார்த்த நண்பர்களே, மிச்சப் பிழையெல்லாம் என்னுடையது.

17வது மாடி அம்மா, தமிழ் உங்களுக்குப் படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர் காபியோடு வருகிறேன், உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்கிறேன். கோபப்பட இன்னும் ஏதாவது இருந்தால் அப்போது சொல்லுங்கள்.