மகளுக்கு, சில்லு எடுப்பதைப் பற்றி

அன்புள்ள செல்விக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. பொங்கலுக்குப் பிறகு நீ எழுதவில்லை. ஹூஸ்டன் ஆய்வுக்கூடத்தில் வேலை மிகுதி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு, பழைய கடிதத்தையே படித்துக்கொண்டிருக்கிறேன்.

அண்டார்டிகாவில் பொறுக்கிய விண்கற்களை நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, துருவேறா எஃகு, அலுமினியம், டெஃப்லான் தவிர வேறெதுவும் படாமல் கையாள்வீர்கள் என்றும், கல்லில் முன்பே ஓடியிருக்கும் விரிசலைத் தேடி உளி வைத்துக் கேட்ட அளவுக்கு மட்டும் சில்லு எடுப்பீர்கள் என்றும், ரம்பம் தவிர்க்க முடியாதபோதும் தண்ணீர் விடாமல் உலர்வாகவே அறுப்பீர்கள் என்றும் எழுதியிருந்தாய். பெயர்ந்த ஒவ்வொரு துணுக்குக்கும் தாய்க்கல்லின் எண்ணோடு தனி எண் இட்டு, உதிர்ந்த தூளையும் எடைபோட்டுக் கணக்கில் வைக்கிறீர்களாமே! தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் அடுத்ததாக மாப்பிள்ளையை விசாரிக்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். எனக்காவது இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

உளியை அவசரமாகத் தட்டாதே. விரிசலைப் பார்த்து வை.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கல்லூரியில் இருந்த காலமெல்லாம், காட்சிப் பெட்டியிலிருந்த விண்கல்லில் காந்தத்தை ஒட்டிக் காட்டுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். சஹாராவில் கிடைத்த என்.டபிள்யூ.ஏ. 7034 என்னும், செவ்வாய்க் கோளிலிருந்து வந்த விண்கல்லைப் பற்றி 2023-இல் வெளிவந்த ஆய்வைப் படித்த பிறகே என் கை செய்தது புரிந்தது. செவ்வாயின் பழங்காலக் காந்தப்புலத்தைச் சொல்லியிருக்கக்கூடிய, கல்லுக்குள் இருந்த காந்தப் பதிவு, விண்கல்தானா என்று பார்க்க யாரோ வைத்த கைக்காந்தத்தால் அழிந்துபோயிற்றாம். சில்லு பெயரவில்லை, எடை குறையவில்லை, மேலே ஒரு கீறலும் இல்லை. நீங்கள் அவ்வளவு பார்த்து அரை கிராம் எடுக்கிறீர்கள். நானோ எதையுமே எடுக்காமல் கெடுத்திருக்கிறேன்.

தீபாவளியன்று தொலைபேசியில் நான் கேட்ட கேள்விக்கு, நீ ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். அதை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அம்மா. உளியை மெதுவாகத் தட்டு.

ஒரு கல் எவ்வளவு எளிதில் காந்தமேறும் என்னும் காந்த ஏற்புத்திறனை அளக்கும் கைக்கருவி கல்லின் பதிவைக் கெடுக்காது என்கிறார்கள். கல்லூரிக்கு ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். எது நல்லது என்று எழுது. அதை மட்டும் எழுதினாலும் போதும்.

அன்புடன்,
அப்பா