ஒரு நொடி முன்பு எப்படி இருந்தது?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா. நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள் மைக்ரோஸ்கோப்பில் ஈ.கோலையைக் காட்டினாள். அன்றிலிருந்து அதே நினைப்பு.

ஒரு நொடி போல நேராக ஓடுகிறது. சட்டென்று நின்று புரள்கிறது. பிறகு வேறு எங்கோ ஓடுகிறது. பார்க்கக் குடிகாரன் நடைதான், ஆனால் இனிப்பு இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது!

தலைப்பக்கத்தையும் வால்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் போல என்றேன். மகள் சிரித்தாள். மொத்த நீளமே இரண்டு மைக்ரோமீட்டர்தானாம், அதற்குள் என்ன பெரிய வித்தியாசம் தெரியும்? 1972இல் மக்னாப், கோஷ்லாண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இதே போல நீந்தும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருந்த திரவத்தில், அதற்குப் பிடித்த செரின் என்ற அமினோ அமிலத்தைச் சட்டென்று கலந்தார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவு. போவதற்கென்று ஒரு திசையே இல்லை. ஆனாலும் அவை கொஞ்ச நேரம் புரளாமல் நேராக ஓடின. அதாவது பாக்டீரியா இரண்டு இடங்களை ஒப்பிடவில்லை. இப்போது இருப்பதைச் சற்று முன்பு இருந்ததோடு ஒப்பிடுகிறது. கூடியிருந்தால் ஓட்டத்தை நீட்டும், இல்லாவிட்டால் வழக்கம்போலப் புரளும். எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அது தேர்ந்தெடுப்பதே இல்லை.

மூளை இல்லாததற்கு நினைவு ஏது என்பாய். அதன் மேற்பரப்பில் இனிப்பை உணரும் ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. இனிப்பு வந்து ஒட்டியதும் ஏற்பி அடங்கிவிடும், புரளச் சொல்லும் சமிக்ஞை குறையும். அப்புறம் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டங்கள் அதன்மேல் மெதுவாகச் சேர்ந்து பழைய நிலைக்குக் கொண்டுவரும். அந்தச் சில நொடித் தாமதம்தான் அதன் நினைவு. எவ்வளவு இனிப்பானாலும் சீக்கிரம் பழகிவிடுகிறது. பழகாவிட்டால் அடுத்து வரும் சிறு மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நீந்த உதவும் வால் போன்ற கசையிழை இடஞ்சுழியாகச் சுற்றினால் ஓட்டம், வலஞ்சுழியானால் புரளல். அதன் மோட்டாரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது.

இன்னொன்று. 1960களில் ஜூலியஸ் ஆட்லர் என்ற விஞ்ஞானி, கேலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முடியாத ஈ.கோலை வகைகளைச் சோதித்தார். அவையும் கேலக்டோஸ் இருக்கும் பக்கமே போயின. மோப்பம் வேறு, சாப்பாடு வேறு. மகள் இதைச் சொன்னபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. டாக்டர் தடுத்த பிறகும் உன் கண் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

சரி, கடைசியாகப் பார்த்தபோது உன் சர்க்கரை அளவு எவ்வளவு? போன கடிதத்தில் அதை மட்டும் எழுதாமல் நழுவிவிட்டாய்.

அன்புடன்,
ரகு