உதவித்தொகைக்கு முன்னால் ஆகும் செலவு

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த தொகுப்பைப் படித்தேன். பிரிட்டனின் செவனிங், காமன்வெல்த், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு என்று பெயர்கள், தொகைகள், கடைசித் தேதிகள் எல்லாம் இருந்தன. பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் எல்லாப் பத்திரிகைகளும் விடுவதையே நீங்களும் விட்டுவிட்டீர்கள். அந்தத் தொகை வந்து சேர்வதற்குள் மாணவர் தன் கையிலிருந்து எவ்வளவு போட வேண்டியிருக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பழைய மாணவர்கள் இன்னமும் வீட்டுக்கு வருகிறார்கள். மதிப்பெண்ணில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. விண்ணப்பித்துத் தோற்றவர்களைவிட, விண்ணப்பத்தை முடிக்காமலே விட்டவர்கள்தான் அவர்களில் அதிகம். என்னப்பா ஆயிற்று என்று கேட்டால், சுற்றி வளைத்துக் கடைசியில் பணத்தில் வந்து நிற்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு ரூ.18,000-ஐ ஒட்டி ஆகிறது. அரை மதிப்பெண் குறைந்தால் மறுபடி கட்ட வேண்டியதுதான். ஜெர்மனி என்றால் 2022 நவம்பரிலிருந்து நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று காட்டும் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலோருக்கு மாணவர் விசா கிடையாது. அதற்கும் ரூ.18,000. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் விண்ணப்பங்களை வாங்கிப் பார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விண்ணப்பக் கட்டணமே 100 டாலரை ஒட்டி இருக்கும். ஐந்து இடத்தில் போட்டால் ரூ.40,000 தாண்டிவிடும். இத்தனையும் 'இடம் உண்டு' என்ற ஒரு வரி மின்னஞ்சல் வருவதற்கு முன்னால். அப்பா நூல் ஆலையிலும் அம்மா நூறு நாள் வேலையிலும் இருக்கிற வீட்டில் இதை யாரிடம் கேட்பது? கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால், முதலில் அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவா என்பார்கள்.

ஜெர்மனியில் படிப்புக் கட்டணமே இல்லை என்று தொகுப்பில் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது சரி. ஆனால் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். கட்டணம் இல்லாத ஊரிலும், உதவித்தொகைக் கடிதம் இல்லாதவர் மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட்டுக் காட்டுவதுதான் விசாவுக்கு வழக்கமான வழி. ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். மாதாமாதம் திரும்பி வரும் பணம்தான், யார் இல்லை என்றார்கள்? மொத்தமாகப் புரட்டுவதில்தான் சிக்கல்.

அடுத்தது காலக்கெடு. பட்டியல் சாதி மாணவர்களையும் வேறு சில பிரிவினரையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் வேண்டும். கடைசிப் பருவத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்? பட்டச் சான்று வந்தால்தான் அங்கே நிபந்தனையை நீக்குவார்கள். இங்கே தற்காலிகச் சான்றிதழுக்கும், உறையில் போட்டு முத்திரை வைத்த மதிப்பெண் பட்டியலுக்கும் தேர்வுத் துறை ஜன்னலில் நிற்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற அதிகாரி விடுப்பு என்றால் அந்த வாரம் போயிற்று.

எல்லாம் சரியாக அமைந்து தேர்வானாலும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் இந்தத் திட்டத்தில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும்போது ஜூலையில் இப்படிச் சொன்னால், முன்பணம் கட்டுவதா, இடத்தை விடுவதா?

அம்பேத்கருக்கே இது நேர்ந்தது. 1913-ல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுத்து அவரை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். லண்டனில் படிப்பு பாதியில் நிற்கும்போது, 1917-ல், அந்த உதவி முடிந்துபோய் ஊர் திரும்பினார். வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியோடும் 1920-ல்தான் மறுபடி போக முடிந்தது. அவர் பெயரில் நம் மாநில அரசு நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தாராளமான திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அதோடு, தகுதியுள்ள மாணவருக்குத் தேர்வு, சான்றிதழ், விண்ணப்பச் செலவுக்கென ஒரு லட்சத்தை முன்கூட்டியே கொடுத்தால் என்ன? இடம் கிடைக்காமல் போனால் அரசுக்கு நட்டம் அந்த ஒரு லட்சம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்டுகள் விளம்பரத்தில் போடும் 'ஸ்காலர்ஷிப்' பல நேரங்களில் கட்டணத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு கழிவு, அவ்வளவுதான். விலையை ஏற்றி வைத்துக் குறைக்கும் ஆடித் தள்ளுபடி போல. மீதிக் கட்டணமும் சாப்பாடும் வாடகையும் மாணவர் தலையில்தான். உங்கள் தொகுப்பிலும் இப்படி இரண்டு நுழைந்திருக்கின்றன. தயவுசெய்து தனியாகப் பிரித்துப் போடுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது எராஸ்மஸ் முண்டஸ்தான். பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. தேர்வானால் படிப்புக் கட்டணம் போக மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. போட்டி கடுமை, ஆனால் முயன்று பார்ப்பதற்குக் காசு அதிகம் ஆகாது. உங்கள் பட்டியலில் அது கடைசியில் இருந்தது.

அடுத்த முறை ஒவ்வொரு உதவித்தொகைக்கும் எதிரே, கைக்காசு எவ்வளவு வேண்டும் என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். கூடவே ஜூன் மாதமே வெளியிடுங்கள். செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். எராஸ்மஸ் பெரும்பாலும் ஜனவரியோடு சரி. நீங்கள் பிப்ரவரி இதழில் போட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.