பதினைந்து நிமிடம் பேசவைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நேயர்களுக்கும், நேயர்கள் அறியாத என் உதவியாளர்களுக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு அமெரிக்க அரசியலையும் இங்குள்ள அன்றாட வாழ்க்கையையும் பற்றி வாரம் ஒரு முறை தமிழ் வானொலியில் பேசிவந்தேன். ஆண்டுக்கணக்கில் நீண்ட அந்தப் பேச்சு சென்ற மாதத்தோடு நிறைவு பெற்றது. தொண்டை ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். கடைசி நிகழ்ச்சியில் நிலையத்தாருக்கும் நேயர்களுக்கும் நன்றி சொல்வதற்கே நேரம் சரியாகிவிட்டது. ஆனால் என் பேச்சில் உருப்படியாக ஏதாவது இருந்திருந்தால், அதைக் கொடுத்தவர்கள் வேறு சிலர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. தங்கள் கதை ஒரு வானொலியில் போனதே சிலருக்குத் தெரியாது. பெயர் போடவேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடாமலேயே இந்த மடலை எழுதுகிறேன். அவரவர்க்குத் தம்மை அடையாளம் தெரியும்.

முதல் வணக்கம் எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் அம்மையாருக்கு. வாஷிங்டனையே பார்த்துக்கொண்டிருந்த என் கழுத்தைப் பிடித்து ஊர்ப்பக்கம் திருப்பியவர் அவர்தான். இங்கே நகர்மன்றக் கூட்டத்தில் ஊர்க்காரர் எவரும் எழுந்து, மைக் முன் நின்று, பெயரையும் தெருவையும் சொல்லிவிட்டுப் பேசலாம். சில நிமிடங்கள்தான், அதற்குமேல் உட்காரச் சொல்லிவிடுவார்கள். ஒரு நவம்பர் மாலையில் அந்த அம்மையார் கையில் சில புகைப்படங்களோடு வந்தார். இலையுதிர் காலத்தில் எங்கள் ஊரில் அவரவர் வீட்டு இலைகளைக் கூட்டித் தெரு ஓரத்தில் குவித்துவைப்போம், நகராட்சி லாரி வந்து அள்ளிப்போகும். அந்த ஆண்டு லாரி வரும் நடைகளைக் குறைத்துவிட்டார்கள். மழை பெய்தது. இலைகள் வடிகால் வாயை அடைத்துக்கொள்ள, தண்ணீர் அம்மையாரின் வீட்டுக் கீழ்த்தளத்துக்குள் புகுந்துவிட்டது. புகைப்படத்தில் துணி துவைக்கும் இயந்திரம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. மேயர் ஒப்பந்த விதிகளை விளக்கத் தொடங்கினார். "அந்த ஒப்பந்தத்தை என் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு எடுத்துவாருங்கள். நன்றாக மிதக்கும்" என்றார் அம்மையார். மன்றம் சிரித்தது, மேயரும் சிரித்தார், ஆனால் நடைகள் கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்று துருவியபோதுதான் எனக்கு இந்த நாட்டின் அரசியல் கொஞ்சம் பிடிபட்டது. நியூ ஜெர்சியில் வீட்டுவரி மிக அதிகம், அமெரிக்காவிலேயே முதலிடம் பிடிக்கும் மாநிலம் இது. அந்த வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. வரி வசூல் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்று 2010இல் மாநிலச் சட்டம் வந்தது, ஒருசில விதிவிலக்குகளோடு. டீசல் விலையும் ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவும் அந்த 2 சதவீதத்துக்குக் காத்திருப்பதில்லை. எங்கேயாவது வெட்டியாக வேண்டும், இலை லாரியில் வெட்டினார்கள். வரி குறையவேண்டும் என்று வாக்களித்தவர்களும் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள். செனட்டைப் பற்றி எழுதிவைத்திருந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு அந்த வாரம் இலைக்குவியலைப் பற்றிப் பேசினேன். அதற்கு வந்த கடிதங்கள் வேறு எந்த உரைக்கும் வந்ததில்லை. மதுரையிலிருந்து ஒரு நேயர் தம் தெருச் சாக்கடையின் வரலாற்றை எழுதி அனுப்பினார், பக்கம் பக்கமாக.

அடுத்த நன்றி, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவருக்கு. தேர்தல் நாளில் தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி மேசையில் உட்காருபவர் அவர். இந்தியத் தேர்தலைப் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு அமெரிக்கத் தேர்தலில் முதலில் புரியாதது, தேர்தல் ஆணையம் எங்கே என்பதுதான். நாடு முழுவதும் தேர்தலை நடத்தும் ஒரே அமைப்பு இங்கு கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, நடத்துவது பெரும்பாலும் கவுன்டி, நம் மாவட்டம் போன்றது. விரலில் மையும் கிடையாது. அப்படியானால் நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் தன் மேசையைக் காட்டினார். எங்கள் மாநிலத்தில் சாவடி அலுவலர்களை இரண்டு பெரிய கட்சிகளிலிருந்தும் சரிபாதியாகத்தான் அமர்த்த வேண்டும். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 8 மணிக்கு மூடும்வரை எதிர்க்கட்சிக்காரரின் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்க வேண்டும். மூடியபின் கையெழுத்திட்டவர் எண்ணிக்கையும் பதிவான வாக்கும் ஒத்துவரவேண்டும். ஒன்று இடித்தாலும் இருவரும் சேர்ந்துதான் தேடவேண்டும். "பசியில் யாருக்கும் சதி செய்யத் தோன்றாது" என்றார்.

2020 அதிபர் தேர்தலில் முடிவு தெரிய ஏன் அத்தனை நாள் ஆனது என்று உலகம் முழுவதும் நேயர்கள் கேட்டபோதும் அவர்தான் துணை நின்றார். வாக்குப்பதிவு நவம்பர் 3, செவ்வாய். பைடன் வென்றார் என்று செய்தி நிறுவனங்கள் சொன்னது 7ஆம் தேதி, சனிக்கிழமை. இடையில் நடந்தது பெரும்பாலும் உறை பிரிக்கும் வேலை. பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்பு தொடவே சட்டம் இடம் தரவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் உறைகள் மலைபோல் குவிந்திருந்தன. பெரியவர் எனக்காக எங்கள் மாநிலத்தின் பழைய மாதிரி உறை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். வெளியுறை, அதற்குள் கையெழுத்துப் பட்டையோடு இன்னோர் உறை, அதற்குள் மடித்த சீட்டு. கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும், உறையைக் கிழிக்க வேண்டும், மடிப்பை நீவி இயந்திரத்துக்குத் தர வேண்டும். அதைப் பார்த்தபின் "இரவோடு இரவாக வாக்குகள் முளைத்தன" என்று கூவியவர்களுக்கு வானொலியில் பதில் சொல்ல எனக்கு ஆவேசம் தேவைப்படவில்லை, அந்த உறையை விவரித்தாலே போதுமாக இருந்தது.

எங்கள் மாநிலத்து வாக்குச்சீட்டின் ஒரு விசித்திரத்தைக் காட்டியவரும் இவரே. கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், கவுன்டி கட்சித் தலைமை ஆதரித்த வேட்பாளர்கள் எல்லாரையும், அமெரிக்க செனட் முதல் ஊர்ப் பதவி வரை, பெரும்பாலான கவுன்டிகளில் ஒரே வரிசையில் அச்சிட்டுவந்தார்கள். தலைமைக்குப் பிடிக்காதவர் சீட்டின் ஏதோ ஒரு மூலையில் தனியாகக் கிடந்தார். வாக்காளரின் கண் வரிசையோடு ஓடிவிட்டது. பல பத்தாண்டுகள் நடந்த இந்தக் கூத்தை எதிர்த்து, செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி உட்கட்சித் தேர்தலுக்கு அது கூடாது என்று 2024 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். நவம்பரில் கிம் செனட்டுக்குத் தேர்வானார். கட்சிப் பெரிய தலைகள் நடுங்கியது ஓர் அச்சுக்காகிதத்தின் கட்டம் மாறியதற்காக. இதைப் பற்றிப் பேசிய உரைதான் எனக்கே பிடித்த உரை.

மருந்துக் கடை அம்மணிக்கு என்ன சொல்வேன்! டிசம்பர் மாதம் ஏன் கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்று கேட்டபோது, வரிசையில் நின்றவர்களைக் காக்கவைத்துவிட்டு விளக்கியவர். பலருடைய காப்பீட்டில் ஆண்டுதோறும் ஒரு தொகை வரை நோயாளி தன் கையிலிருந்து செலவழித்தாக வேண்டும், அதைத் தாண்டிய பின்புதான் காப்பீட்டு நிறுவனம் தன் பையில் கைவிடும். ஜனவரி 1 வந்தால் கணக்கு மறுபடி பூஜ்யம். அதனால் வருடக் கடைசியில் ஆளாளுக்குக் கண்ணாடி, முழங்கால் ஊசி, மூன்று மாத மாத்திரை என்று முடித்துக்கொள்ளப் பறக்கிறார்கள். 2022இல் பைடன் அரசின் சட்டம் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள முதியோருக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகாதபடி வைத்தது. அது நடைமுறைக்கு வந்த 2023இல் ஒரு முதியவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தவறாகப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டாராம். வயது அறுபத்தைந்தை எட்டாத, வேறு காப்பீடு வைத்திருக்கும் அடுத்த ஆளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதைச் சொல்லும் வேலையும் அந்த அம்மணி தலையில்தான் விழுந்தது.

டைனர் என்ற சிற்றுண்டிச்சாலையில் பரிமாறும் சகோதரிக்கும் நன்றி. 2024 தேர்தலில் டிரம்ப்பும் பிறகு கமலா ஹாரிசும் டிப்ஸுக்கு வரி இருக்காது என்று போட்டிபோட்டு வாக்குறுதி தந்தார்கள். மகிழ்ச்சியா என்று கேட்டேன். காப்பியை ஊற்றிக்கொண்டே, "வருமானவரி கட்டும் அளவுக்கு டிப்ஸ் வந்தால் முதலில் மகிழ்வேன்" என்றார். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியைக் கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 2.13 டாலர் என்று 1991இல் வைத்தது, இன்றும் அதுதான். எங்கள் மாநிலம் கூடுதலாகத் தருகிறது என்றாலும் பல தென்மாநிலங்களில் அந்தத் தொகையே ஓடுகிறது. இரண்டு வேட்பாளர்களும் அந்த எண்ணைவிட வரியைப் பற்றிப் பேசவே ஆர்வம் காட்டினார்கள். ஏன் என்று அவரிடம் கேட்கத் தேவையிருக்கவில்லை. வரியை விட்டுக்கொடுப்பது அரசு, கூலியை உயர்த்துவதானால் முதலாளி கொடுக்கவேண்டும்.

பக்கத்து ஊர் லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க அரசியல் வானொலி கேட்கவைத்தார். 1987இல், சர்ச்சைக்குரிய விஷயங்களில் பல தரப்புக்கும் இடம் தரவேண்டும் என்ற ஒலிபரப்பு விதியைக் கைவிட்டார்கள். மறு ஆண்டே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடெங்கும் ஒலிக்கத் தொடங்கியது. அந்த மரபின் வாரிசுகள்தான் இன்று வண்டிக்குள் கத்துகிறார்கள். இவற்றை நம்புகிறீர்களா என்றேன். பாதி நம்புவதில்லை, ஆனால் எட்டு மணி நேரம் தனியாக ஓட்டும்போது யாராவது தன்னிடம் பேசிக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். கத்துபவர்களைத் திட்டி நான் வைத்திருந்த சில பத்திகள் அன்றோடு போயின.

ஊர் நூலகர் எனக்கு ஓர் ஆசானை அறிமுகப்படுத்தினார். ஆலிஸ்டர் குக் 1908இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1932இல் உதவித்தொகையில் அமெரிக்கா வந்து, 1941இல் குடிமகனானவர். அமெரிக்காவைப் பற்றி வாரம் ஒரு முறை வானொலியில் பேச பிபிசி அவரிடம் கேட்டது பதின்மூன்று வாரம் மட்டுமே. 1946 மார்ச் 24 அன்று தொடங்கிய அந்த வாரப் பேச்சு 2004 பிப்ரவரி வரை போயிற்று, மொத்தம் 2,869. நிறுத்திய மறு மாதமே, 95 வயதில், காலமானார். கோல்ஃப், கிறிஸ்துமஸ், காலநிலை என்று எங்கோ தொடங்கி அதிபர் மாளிகையில் போய் நிற்பார், எந்த இடத்தில் வளைந்தார் என்று பிடிக்கவே முடியாது. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டலில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டபோது அவரும் அங்கே இருந்தார், கண்டதைக் கண்டபடி சொன்னார். அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. சென்ட்ரல் பார்க்கைப் பார்த்திருக்கும் ஐந்தாம் அவென்யூ வீட்டு ஜன்னலிலிருந்து இலை லாரியும் மருந்துக் கடை வரிசையும் அவ்வளவாகத் தெரியாது. குக் சொன்னதை ஒப்பிக்காமல் குக் பார்க்காததைத் தேடிப்போகத் துணிவு தந்ததும் அந்த நூலகர்தான். நாட்டின் வங்கிகள் மூடிக்கிடந்த நேரத்தில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1933 மார்ச் 12 ஞாயிறு இரவு வானொலியில் வங்கி என்றால் என்ன, போட்ட பணம் எங்கே போகிறது என்று வீட்டுப் பெரியவர் போல விளக்கியதன் ஒலிப்பதிவையும் தேடிக் கொடுத்தார். வங்கிகள் மீண்டும் திறந்தபோது எடுத்த பணத்தைத் திரும்பப் போட மக்கள் வரிசையில் நின்றார்கள். பேச்சுக்கு அந்த வலு உண்டு என்று நம்ப அது உதவியது.

இனி, தமிழ் தெரிந்தவர்கள். என் மூச்சிரைப்பையும் இருமலையும் வெட்டி, பதினைந்து நிமிடத்துக்குள் அடக்கிய ஒலிப்பதிவுத் தம்பிக்கு நன்றி. பெட்ரோல் இலை ஊதியைப் பதிவு நேரத்தில் அணைத்துவைத்த பக்கத்து வீட்டுத் தெலுங்கு அன்பருக்கும் நன்றி. மேப்பிள்வுட் போன்ற ஊர்கள் அந்த இயந்திரத்துக்குத் தடையே போட்டுவிட்டன, இவர் தடையில்லாமலேயே என்னைக் காப்பாற்றினார். கோட்டுகள் தொங்கும் அலமாரி அறைதான் என் ஒலிப்பதிவுக்கூடம், எதிரொலி வராது என்பதால். பனிக்காலத்திலும் அதைக் காலி செய்துகொடுத்து, விருந்தினர் கோட்டுகளைக் கட்டிலில் அடுக்கிய என் மனைவிக்கு நன்றி என்ற சொல் சின்னது. அவள் எதிர்பார்ப்பதும் அலமாரியைத்தான்.

தேர்தல் ஏன் செவ்வாய்க்கிழமை என்று கேட்ட சிங்கப்பூர்ப் பள்ளி மாணவி, 1845ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தோண்டவைத்தார். விவசாயிகள் ஞாயிறு தேவாலயம் போய், திங்கள் வண்டிகட்டி, செவ்வாய் வாக்களித்து, புதன் சந்தைக்குத் திரும்பலாம் என்பது சொல்லப்படும் காரணம். டொராண்டோவிலிருந்து ஒருவர் நான் ஜனநாயகக் கட்சிக்கு ஊதுகிறேன் என்றும், ஹூஸ்டனிலிருந்து ஒருவர் குடியரசுக் கட்சிக்கு ஊதுகிறேன் என்றும் ஒரே உரையைக் கேட்டு எழுதினார்கள். இருவருக்கும் நன்றி, இருவரும் கடைசிவரை கேட்டிருக்கிறார்கள்.

பதில் எழுதாத கடிதங்கள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கையாலேயே எழுதுகிறேன், நேரமாகும். அடுத்த வாரம் முதல் இந்த நேரத்தில் பேசப்போகிறவர் இளையவர், பள்ளிக் குழு கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர். கேள்விகளை அவருக்கு அனுப்புங்கள். கடினமான கேள்விகளாக அனுப்புங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
நியூ ஜெர்சியிலிருந்து உங்கள் வாரப் பேச்சாளன்