ரீகன் பெயரில் ஒரு விமான நிலையம்

ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

அன்புள்ள முத்துசாமி,

கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பயிற்சிகளை விடாமல் செய்யச் சொல். நீயும் கூடவே நட, உன் சர்க்கரைக்கும் நல்லது. இங்கே பேரன் பள்ளிக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். பக்கத்தில் நூலகம் மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ ஊர் வந்து சேர்ந்திருப்பேன்.

மகன் அடிக்கடி போய்வருகிற வாஷிங்டன் விமான நிலையத்துக்கு 1998இல் முன்னாள் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் சங்கம்தான்" என்று மகன் சிரிக்கிறான். வேறு எந்தக் கட்டடத்துக்கு வேண்டுமானாலும் அந்தப் பெயரை வைத்திருக்கலாம். விமான நிலையத்துக்கா?

1981 ஆகஸ்ட் 3ஆம் தேதி, ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது, விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிசொல்லும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பாட்கோ என்பது அவர்கள் சங்கம். அந்த வேலையைப் பற்றிப் படித்தபோது நம் அலுவலகக் கோப்புகளெல்லாம் விளையாட்டாகத் தோன்றின. இருட்டறையில் ரேடார் திரை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதத் துண்டு. அதன் உயரத்தையும் வழியையும் பேனாவால் திருத்தித் திருத்தி எழுதி, துண்டுகளை வரிசை மாற்றி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மொத்த வானமும் ஒருவன் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அது ஒரு நொடி கலைந்தாலும் நூற்றுக்கணக்கான உயிர்களுக்கு ஆபத்து. கணினிகளோ அரதப்பழசு.

வாரத்துக்கு 32 மணி நேர வேலை, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் உயர்வு என்று கேட்டார்கள். வேலையே கிடைக்காமல் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பேராசையாகத்தான் தெரிந்தது. அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று சட்டமும் இருந்தது. ரீகன் 48 மணி நேரம் கெடு வைத்தார். ஆகஸ்ட் 5 அன்று 11,345 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார். நார்ஃபோக் நகரில் சங்கத் தலைவர் ஒருவரைச் சங்கிலியால் கட்டி அழைத்துப்போன படம் பத்திரிகைகளில் வந்தது. அக்டோபரில் சங்கத்தின் அங்கீகாரமும் போயிற்று.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்த விரல்விட்டு எண்ணக்கூடிய சங்கங்களில் பாட்கோவும் ஒன்று! நவீன கருவிகள் தருவேன், ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பேன் என்று சங்கத் தலைவர் ராபர்ட் போலிக்குக் கடிதமே எழுதிக்கொடுத்தவர் ரீகன். நடிகராக இருந்த காலத்தில் நடிகர் சங்கத் தலைவராகி 1960இல் வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவரேதான். போலந்தில் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்துப் போராடிய சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தைப் பாராட்டிப் பேசிய அதே வாயால் உள்ளூர்க்காரனுக்குக் கெடு வைத்தார்.

சங்கத்துக்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நாங்கள் இல்லாமல் ஒரு விமானமும் எழும்பாது என்ற நினைப்பில் மற்ற சங்கங்களைக் கலந்து ஆலோசிக்காமலே இறங்கிவிட்டார்கள். விமானிகள் வழக்கம்போல ஓட்டினார்கள். மேற்பார்வையாளர்களையும் ராணுவத்திலிருந்து வந்தவர்களையும் வைத்து, கருங்காலிகளையும் சேர்த்துக்கொண்டு அரசு சமாளித்துவிட்டது. செப்டம்பர் 19ஆம் தேதி வாஷிங்டனில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் திரண்டார்கள். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. வேலைநிறுத்தம் செய்பவனுக்குப் பதிலாக நிரந்தரமாகவே வேறு ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் அதைச் செய்யக் கூசின. ஊர் என்ன சொல்லும் என்ற பயம். ஜனாதிபதியே செய்துகாட்டி, ஊரும் கைதட்டியதும் அந்தக் கூச்சம் போய்விட்டது. 1983இல் அரிசோனா தாமிரச் சுரங்கங்களில் ஃபெல்ப்ஸ் டாட்ஜ் கம்பெனி, அடுத்து மினசோட்டாவில் ஹார்மெல் இறைச்சி ஆலை என்று வரிசையாக நடந்தது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கெடுத்த வேலைநிறுத்தங்கள் 1974இல் 424. 2009இல் வெறும் ஐந்து. எல்லாப் பழியையும் ரீகன் தலையில் போட மாட்டேன். வட்டி எகிறி, ஆலைகள் மூடி, 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்ட காலம் அது. வாசலில் ஆள் காத்து நிற்கும்போது உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான்?

2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் நாமும் ஒரே உத்தரவில் வேலை இழந்து நின்றவர்கள்தானே. நம்மில் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பாட்கோகாரர்களுக்கு அது நடக்கவில்லை. அவர்களைப் பழைய வேலைக்குப் போகவிடாத தடையை 1993இல்தான் ஜனாதிபதி கிளிண்டன் நீக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளில் வேறு பிழைப்புக்குப் போய், வயதும் ஏறிவிட்ட பிறகு, திரும்பி வந்தவர்கள் சில நூறு பேர்தான். வெற்றிடத்தை அவசரமாக நிரப்பப் புது ஆட்களை ஒரே அடியாக எடுத்ததால், அவர்களும் பிறகு கூட்டமாக ஓய்வுபெற்றார்கள். ஆள் பற்றாக்குறைப் பேச்சு இங்கே இன்னும் ஓயவில்லை.

இங்கே வந்த நாள்முதல் ஒரு கேள்வி எனக்கு. அன்று ஆகஸ்ட் 5க்குள் கெடுவுக்குப் பயந்து வேலைக்குத் திரும்பியவர்களை, வெளியே நின்றவர்கள் மன்னித்திருப்பார்களா? 2003இல் வேலைநிறுத்தத்தின் நடுவே கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போன நம் நண்பரோடு நீ இன்றுவரை பேசவில்லை. நான் பேசுகிறேன். இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. தை பிறப்பதற்குள் வந்துவிடுவேன். ஓய்வூதியர் சங்கச் சந்தாவை என் பெயரில் கட்டிவிடு, வந்து தருகிறேன்.

அன்புடன்,
சண்முகம்